பசேனதி மன்னனின் உணவும் உறவும்

ஒருவன் அளவுக்கு மீறி உண்டால் உலகம் அவன் நாவைப் பழிக்கின்றது. அளவோடு உண்டால் அவன் மன உறுதியைப் புகழ்கின்றது. பழியும் புகழும் அவன் ஒருவனுக்கே உரியவை என்று கருதுகின்றோம். அவனுக்குப் பரிமாறியவர் யார், அருகில் அமர்ந்து உண்டவர் யார், உண்ணும்போது அவன் காதில் விழுந்த சொல் யாது என்று நாம் கேட்பதில்லை. புலனடக்கம் தனி மனிதன் தனியே நின்று பெறும் வெற்றிதானா? அன்றி, அவனைச் சூழ்ந்தோருக்கும் அதில் பங்குண்டா? இவ்வினாவுக்கு விடை தரும் வாழ்க்கை ஒன்று நம் தரும நூல்களிலேயே உள்ளது. அது கோசல நாட்டு மன்னன் பசேனதியின் வாழ்க்கை. வடமொழி நூல்கள் அவனைப் பிரசேனசித்து என்று அழைக்கும்.

பகவான் புத்தர் காலத்து அரசருள் நூல்களில் மிகுதியாகப் பேசப்படுபவன் இவனே. சம்யுத்த நிகாயத்தில் கோசல சம்யுத்தம் என்னும் பகுதி முழுவதும், அதாவது 25 சூத்திரங்கள், இவனைப் பற்றியவை. அவற்றோடு தம்மபத உரையும் ஜாதக உரையும் தரும் செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால், குற்றமும் குணமும் கலந்த ஒரு மனிதனின் வாழ்வு முழுமையாக நம் கண்முன் நிற்கும். அவ்வாழ்வின் திருப்பங்கள் பலவும் உணவுக்கலத்தின் அருகில் நிகழ்ந்தவை என்பது வியப்பான உண்மை.

இளமையும் அரசும்

பசேனதியின் தந்தை மகாகோசலன். தலைநகர் சிராவஸ்தி, இன்று உத்தரப் பிரதேசத்தில் சகேத்-மகேத் என வழங்கும் இடத்தில் அதன் இடிபாடுகள் உள்ளன. இளவரசன் கல்வி கற்கத் தட்சசீலம் சென்றான். அங்கே லிச்சவி குலத்து மகாலியும், மல்லர் குலத்துப் பந்துலனும் அவனுக்கு ஒரு சாலை மாணாக்கராயினர். கல்வி முடித்துத் திரும்பிய மகனின் திறமை கண்டு மகிழ்ந்த தந்தை, ஆட்சியை அவனிடமே ஒப்படைத்தான். பந்துலன் பின்னர்த் தன் நாட்டை விட்டு வந்து, தோழனாகிய இம்மன்னனின் படைத்தலைவன் ஆனான். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். இறுதியில் மீண்டும் வரும்.

கோசலமும் காசியும் ஆகிய இரு நாடுகள் அவன் ஆணைக்கு உட்பட்டிருந்தன. உடன்பிறந்தாள் மகத மன்னன் பிம்பிசாரனின் தேவி. செல்வம், படை, சுற்றம் எதற்கும் குறைவில்லை. அத்தகையோனைப் போதும் என்று தடுக்கத் துணிபவர் யார்? சமைப்போன் மன்னனின் முகமலர்ச்சியை நாடுவான். பரிமாறுவோன் கலம் குறைவதைக் குற்றமென அஞ்சுவான். சூழ நிற்போர் அவன் உண்பதைக் கண்டு வியப்பர். அரசனின் பெருந்தீனியை அரண்மனை வளர்க்கும் விதம் இது. பசேனதி ஒரு வேளைக்கு ஒரு துரோணம் அரிசிச் சோற்றைப் பலவகைக் குழம்புகளோடும் கறிகளோடும் உண்டு வந்தான் என்று நூல்கள் கூறுகின்றன.

மல்லிகாதேவி

அந்த அரண்மனையில் மன்னனிடம் உண்மை பேசத் துணிந்தவர் ஒருவர் இருந்தார் எனில், அது மல்லிகாதேவியே. அவள் அரச குலத்தில் பிறந்தவள் அல்லள். மாலை கட்டுவோன் ஒருவனின் மகள். தனக்கென எடுத்துச் சென்ற எளிய உணவைப் பகவானின் திருவோட்டில் இட்டவள்; அன்றே மன்னன் கண்ணிற்பட்டு அரசியானவள் என்று ஜாதக உரை கூறும்.

ஒரு நாள் இரவு மன்னன் அச்சந்தரும் ஓசைகளைக் கேட்டான். அரண்மனைப் பிராமணர்கள் உயிர்க்கேடு நேரும் என்று அஞ்சுவித்து, பெருவேள்வி ஒன்று செய்யும்படி கூறினர். காளைகள் 500, கன்றுக்காளைகள் 500, கிடாரிகள் 500, வெள்ளாடுகள் 500, செம்மறிகள் 500 எனத் தூண்களிற் கட்டப்பட்டன. அடிமைகளும் ஏவலாளரும் தண்டனைக்கு அஞ்சிக் கண்ணீரோடு வேலை செய்தனர். மல்லிகாதேவி மன்னனிடம் சென்றாள். துரோணம் சோறு உண்டும், இரு நாடுகளை ஆண்டும், அறிவு மட்டும் சிறுத்துப் போயிற்றே என்று அவனை இடித்துரைத்தாள். பிற உயிரைக் கொன்று தன் உயிரைக் காத்தவர் எவருமிலர் என்பதை எடுத்துக் காட்டி, அவனைப் பகவானிடம் அழைத்துச் சென்றாள். கட்டப்பட்ட விலங்குகள் அவிழ்த்து விடப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வேள்விக்கு இணங்கியவனும் வேள்வியை நிறுத்தியவனும் ஒரே மன்னனே. முன்னதில் அவன் காதருகே நின்றவர்கள் வேறு. பின்னதில் நின்றவள் வேறு. இக்குணமே அவன் வாழ்வின் திறவுகோல்.

துரோணமும் நாழியும்

ஒரு நாள் மன்னன் வயிறார உண்டபின் ஜேதவனத்துக்குச் சென்றான். மூச்சு வாங்கியது, உடல் சாய்ந்தது, கண்கள் செருகின. பகவான் அவன் நிலையை உணர்ந்து, ஒரு சிறு பாடலை அருளினார். பெற்ற உணவில் அளவறிந்து, நினைவோடு உண்பவனுக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும், ஆயுள் காக்கப்படும் என்பது அதன் கருத்து.

அறிவுரையைக் கேட்டோர் பெரும்பாலும் என் செய்வர்? தலையசைத்து வீடு செல்வர். மறுநாள் கலத்தின்முன் அமர்ந்ததும் மறந்து விடுவர். பசேனதி தன்னை அறிந்திருந்தான். உணவின் மணம் எழும்போது தன் நினைவு தன்னிடம் நில்லாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான். பின்னால் நின்றிருந்த சுதர்சனன் என்னும் இளைஞனை அழைத்து, அப்பாடலைப் பகவானிடம் மனப்பாடம் செய்து கொண்டு, தான் உண்ணும் வேளைதோறும் சொல்லும்படி பணித்தான். அதற்கென நாள்தோறும் 100 கஹாபணம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தான்.

உரையாசிரியர் மேலும் ஒரு நுட்பம் கூறுகின்றனர். அப்பாடலை உணவின் தொடக்கத்தில் சொல்ல வேண்டா என்று பகவான் அவ்விளைஞனுக்கு அறிவுறுத்தினார். மன்னன் கடைசிக் கவளத்தை எடுக்கும்போதே அது சொல்லப்பட வேண்டும். கேட்டதும் மன்னன் அக்கவளத்தை விட்டுவிடுவான். அக்கவளத்தில் எத்தனை பருக்கைகள் இருந்தனவோ, அத்தனை அரிசியை மறுநாள் உலையிற் குறைத்துவிட வேண்டும். பசித்தவன் முன் போதனை செய்வதால் பயனில்லை; நிறைந்தும் நிறையாத அந்த இறுதி நொடியிலேதான் ஒரு சொல் வேலை செய்யும். குறைந்த அளவும் உடலுக்குத் தெரியாத அளவு. மருத்துவர் இன்றும் வியக்கத்தக்க முறை இது.

இவ்வாறு நாட்கள் சென்றன. துரோணம் உண்டவன் படிப்படியாக நாழியரிசிச் சோற்றோடு நிறைவு பெற்றான். பாலியில் வழங்கும் இந்த நாழி என்னும் சொல்லே நம் தமிழ் வீடுகளிலும் வழங்கி வந்த அளவைப் பெயர். பழைய கணக்கின்படி 16 நாழி கொண்டது ஒரு துரோணம். எனவே, மன்னனின் உணவு பதினாறில் ஒரு பங்காயிற்று. உடல் இளைத்து நலம் பெற்ற மன்னன், தன் கை கால்களைத் தடவிப் பார்த்து, இம்மைக்கும் மறுமைக்கும் பகவான் தனக்கு நலம் செய்தார் என்று மகிழ்ந்தான். ஓடும் மானையும் துரத்திப் பிடிக்க வல்லவன் ஆனதாக உரை கூறுகின்றது.

இவ்வெற்றி யாருடையது? போதித்தவர் பகவான், உரிய நேரத்தில் நினைவூட்டியவன் சுதர்சனன், உலையில் அரிசியைக் குறைத்தவர் மடைப்பள்ளியார், கேட்டுக் கவளத்தை விட்டவன் மன்னன். நால்வரும் கூடியே ஒருவனின் நாவடக்கத்தை உண்டாக்கினர். நல்ல நட்பு அறவாழ்வின் பாதியன்று, முழுமையுமே ஆகும் என்று ஆனந்தருக்குத் தாம் உரைத்ததைப் பகவான் எடுத்துக் கூறியதும் இம்மன்னனிடமே என்பது தற்செயல் அன்று.

அன்பில்லாத உணவு

தன் உணவில் இவ்வளவு கற்ற மன்னன், பிறருக்கு இடும் உணவில் தடுமாறினான். ஆனந்தரும் பிக்குகள் பலரும் நாள்தோறும் அரண்மனையில் உண்ண வேண்டும் என வேண்டினான். ஏழு நாட்கள் தானே நின்று பரிமாறினான். எட்டாம் நாள் மறந்தான். அரசன் ஆணையின்றி அங்கே எவரும் எதையும் செய்யார். இருக்கை இடுவாரும் இலர், சோறு இடுவாரும் இலர். பிக்குகள் ஒவ்வொருவராக விலகினர். ஆனந்தர் ஒருவரே எஞ்சினார். மற்றவர்கள் அநாதபிண்டிகர், விசாகை போன்றோரின் இல்லங்களை நாடினர். அறுசுவை இருந்தும் அன்பும் நம்பிக்கையும் இல்லாத இடத்தில் துறவியரும் உண்ண விரும்புவதில்லை என்பதை மன்னன் அப்போது அறிந்தான்.

அவன் அதற்குக் கண்ட மருந்துதான் தவறானது. அன்பை அன்பினாலே பெறாமல், உறவினாலே பெறலாம் என நினைத்தான். பகவான் பிறந்த சாக்கிய குலத்தில் பெண் கொண்டால், பிக்குகள் தன்னை உறவினனாகக் கருதுவர் என்று எண்ணிக் கபிலவஸ்துவுக்குத் தூது விடுத்தான்.

சாக்கியரின் பந்தி

சாக்கியர் கோசல ஆட்சிக்கு உட்பட்டவர். ஆயினும் குலச்செருக்கு மிக்கவர். மன்னனை மறுக்கவும் அஞ்சினர். பெண் கொடுக்கவும் மனம் இல்லை. மகாநாமனுக்கு அடிமைப் பெண் ஒருத்தியிடம் பிறந்த வாசபகத்தியை என்பவளை அரச குமாரி எனக் கூறி அனுப்பத் துணிந்தனர். தூதர்கள் சூழ்ச்சியை ஐயுற்றனர். தந்தையும் மகளும் ஒரு கலத்தில் உண்பதைக் கண்ணாற் கண்டால்தான் அழைத்துச் செல்வோம் என்றனர். குலத்தின் உண்மையைக் கலத்தில் சோதிக்கும் வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதை இதனால் உணரலாம். மகாநாமன் மகளை அலங்கரித்து உடன் அமர்த்தினான். உண்ணத் தொடங்கும் வேளையில், முன்பே செய்த ஏற்பாட்டின்படி ஓர் ஓலை வந்தது. வலக்கையைக் கலத்தில் வைத்தபடியே அவன் ஓலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் உண்டு முடித்தாள். தூதர்கள் நம்பினர்.

ஈன்ற மகளோடு ஒரு கவளம் உண்ண ஒரு தந்தையின் கை கூசுகின்றது. இதுவும் ஒருவகை நாவடக்கமே. ஆயின் இது அறத்தின் அடக்கமன்று, சாதியின் அடக்கம். சமூகம் நினைத்தால் மனிதனை அளவோடு உண்ணவும் வைக்கும். தன் குழந்தையோடு உண்ணாமல் எழவும் வைக்கும்.

அவளுக்கும் பசேனதிக்கும் பிறந்தவன் விடூடபன். 16 வயதில் தாய்வழிப் பாட்டனார் வீடு சென்றான். அவன் புறப்பட்டபின் அவன் அமர்ந்த பலகையை ஓர் ஏவற்பெண் பால் கலந்த நீரால் கழுவி, அடிமையின் மகன் அமர்ந்த இடம் என்று ஏசினாள். மறந்த ஆயுதத்தை எடுக்கத் திரும்பிய வீரன் ஒருவன் அதைக் கேட்டான். செய்தி படை முழுவதும் பரவியது. பலகையைக் கழுவிய பாலுக்கு ஈடாகச் சாக்கியரின் குருதியால் அதைக் கழுவுவேன் என்று இளவரசன் சூளுரைத்தான். பசேனதியும் சினந்து, தாயையும் மகனையும் அடிமை நிலைக்குத் தாழ்த்தினான். பகவான் பழங்கதை ஒன்றைக் கூறி, தாயின் குலத்தைக் காட்டி மகனைத் தள்ளுதல் தகாது என்று தெளிவிக்க, இருவரும் முன்னைய நிலையை அடைந்தனர். மன்னன் மனம் மாறியது. மகன் மனத்தில் பட்ட புண் ஆறவில்லை.

கலத்தை ஒதுக்கி வைப்பதும், அமர்ந்த இடத்தைக் கழுவுவதும் நம்மவர்க்கு ஏட்டில் படித்து அறிய வேண்டியவை அல்ல. நம் முன்னோர் அவற்றை உடலாலே அறிந்தவர்கள். ஆதலின் இக்கதையை நாம் பிறரினும் ஆழ்ந்து படித்தல் இயல்பு.

பந்துலனின் முடிவு

இனி, மன்னன் வாழ்வின் மிகப் பெரிய குற்றத்தைக் கூற வேண்டும். கையூட்டுப் பெற்ற நீதிபதிகளின் தீர்ப்பைப் படைத்தலைவன் பந்துலன் திருத்தி முறை செய்தான். பதவி இழந்த அவர்கள், பந்துலன் அரசைக் கவர எண்ணுகிறான் என்று மன்னன் காதில் ஓதினர். மன்னன் நம்பினான். எல்லையில் கலகம் என்று பொய் கூறிப் பந்துலனையும் அவன் புதல்வர் 32 பேரையும் அனுப்பி, வழியில் கொல்வித்தான்.

அச்செய்தி பந்துலனின் மனைவிக்கு எட்டியது. அவள் பெயரும் மல்லிகை. அன்று அவள் இல்லத்தில் சாரிபுத்தரும் பிக்குகளும் உணவுக்கு அமர்ந்திருந்தனர். ஓலையைப் படித்து மடியில் செருகிக்கொண்டு, தொடர்ந்து பரிமாறினாள். பணிப்பெண் ஒருத்தி நெய்ப்பானையைக் கீழே போட்டு உடைத்தாள். உடையும் பொருள் உடைந்தது, கவலல் வேண்டா என்று சாரிபுத்தர் ஆறுதல் கூறினார். அப்போதுதான் அவள் ஓலையை எடுத்துக் காட்டி, கணவனும் மக்களும் மாண்ட செய்திக்கே கலங்காத தான் பானைக்கோ கலங்குவேன் என்று தெரிவித்தாள். பின்னர் மருமகளிர் 32 பேரையும் அழைத்து, மன்னன்மேல் பகை கொள்ளலாகாது என்று அறிவுறுத்தினாள். உண்மையை ஒற்றரால் அறிந்த மன்னன் அவளிடம் மன்னிப்பு வேண்டினான். வேறு வரம் கேளாமல், தானும் மருமகளிரும் பிறந்தகம் செல்ல விடை பெற்றாள். மன்னன் பந்துலனின் மருமகன் தீர்க்ககாராயணனைப் படைத்தலைவன் ஆக்கினான். அவன் மனத்தில் பகை இருந்தது.

கடைசிக் கவளத்தில் ஒரு சொல் கேட்டுக் கையை நிறுத்திய அதே மன்னன், மற்றொரு சொல் கேட்டுப் பால்ய தோழனைக் கொன்றான். காது ஒன்றே, பின்னால் நின்றவர்கள் வேறு. உணவுக்கு ஒரு சுதர்சனனை நிறுத்தியவன், சினத்துக்கும் ஐயத்துக்கும் ஒருவனை நிறுத்தத் தவறினான். நாவடக்கம் பெற்றதாலேயே எல்லா அடக்கமும் பெற்றுவிட்டதாக நாம் எண்ணலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இறுதிப் பயணம்

மல்லிகாதேவி மறைந்தாள், மன்னன் முதுமை எய்தினான். மச்சிம நிகாயத்தின் 89ஆம் சூத்திரம் அவனுடைய இறுதிச் சந்திப்பைக் கூறுகின்றது. சாக்கியரின் மேதலும்பம் என்னும் ஊரில் பகவானைக் கண்டு, அவர் திருவடிகளை முத்தமிட்டான். இருவருக்கும் அப்போது வயது 80. சங்கத்தின் சிறப்புகளை அடுக்கிக் கூறினான். கொல்லவும் நாடு கடத்தவும் அதிகாரம் கொண்ட தன் அவையில், தான் பேசும்போதே குறுக்கே பேசுகின்றனர். பகவானின் அவையிலோ, பல நூறு பேர் இருந்தும் இருமல் ஓசையும் இல்லை என்றான். ஒரு முறை ஒருவர் தொண்டையைக் கனைத்தபோது, அருகில் இருந்தவர் முழங்காலால் மெல்லத் தொட்டு அமைதிப்படுத்தியதைத் தான் கண்டதையும் கூறினான். தண்டும் வாளும் இன்றி ஒரு கூட்டம் இவ்வாறு பண்படுமோ என்று வியந்தான். வாள் செய்யாததை அருகிருந்தவரின் முழங்கால் செய்தது.

உள்ளே செல்லும்போது வாளையும் தலைப்பாகையையும் தீர்க்ககாராயணனிடம் கொடுத்திருந்தான். வெளியே வந்தபோது அவன் இல்லை. அரச சின்னங்களோடு சென்று விடூடபனை மன்னனாக்கி விட்டான். எஞ்சியவை ஒரு குதிரையும் ஒரு பணிப்பெண்ணுமே. மருகன் அஜாதசத்துருவின் உதவியை நாடி முதியவன் இராஜகிருகம் நோக்கிப் புறப்பட்டான். முன்பு போரில் சிறைப்பிடித்தும் கொல்லாமல் விட்டு, பின் தன் மகள் வஜிரையையே மணம் செய்து கொடுத்த மருகன் அவன். வழியில் நொய்யரிசிச் சோற்றைப் புளித்த கஞ்சியோடு உண்டு மிகுதியாக நீர் பருகினான். மென்மையான உடல் அதை ஏற்கவில்லை என்று உரை கூறும். நகரை அடைந்தபோது கோட்டைக் கதவு மூடப்பட்டிருந்தது. வெளியே ஒரு சத்திரத்தில் படுத்தவன் இரவு முழுவதும் நோயுற்று, அப்பணிப்பெண்ணின் மடியில் தலை வைத்தபடி உயிர் நீத்தான். அஜாதசத்துரு முறைப்படி ஈமச் சடங்கு செய்தான். விடூடபன் சாக்கியரைக் கொன்று குவித்துத் திரும்புகையில், அசிரவதி ஆற்று வெள்ளம் அவனையும் படையையும் வாரிக்கொண்டு போயிற்று.

நாம் கொள்ளத்தக்கது

பசேனதி மகானும் அல்லன், கொடியோனும் அல்லன், நம்மைப் போன்றவன். அருகில் இருந்தவர் நல்லவராக இருந்தபோது நல்லவனாக வாழ்ந்தான். தீயவராக இருந்தபோது தீமை செய்தான். ஐந்து சீலங்களை நாம் தனித்தனியே வாய்விட்டு ஏற்கின்றோம். அவற்றைக் காப்பதோ தனியே இயலுவதில்லை. கூலி பெறும் மாலையில் மதுக்கடைக்கு அழைப்பவனும் நண்பன் என்ற பெயரோடுதான் வருகின்றான். திருமண வீட்டில் வேண்டா என்பவரின் இலையில் மேலும் மேலும் இடுவோரும் அன்பின் பெயராலேயே இடுகின்றனர். பிறர் கண்ணில் குறைவாகத் தோன்றலாகாது என்று கடன் வாங்கி விருந்திடும் குடும்பங்கள் நம்முள் இல்லையோ?

ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுதர்சனன் இருத்தல் வேண்டும். அவன் மகனாகவோ மனைவியாகவோ, சங்கத்து அன்பராகவோ இருக்கலாம். அவன் இடித்துரைக்கவும் வேண்டா. முன்கூட்டியே போதிக்கவும் வேண்டா. உரிய நொடியில் மெல்ல நினைவூட்டினால் போதும். அதனைச் சினவாமல் கேட்பேன் என்று முன்னதாகவே நாம் அவனுக்கு உரிமை கொடுத்திருத்தல் வேண்டும். மன்னன் அந்த உரிமையைத் தன் வாயாலேயே கொடுத்தான். அவன் பெருமை அதில் உள்ளது.

உபோசத நாட்களில் நம் சங்கத்தார் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும்போது இவ்வரலாற்றை நினைப்போமாக. மகாநாமன் உண்ணாமல் விட்ட கவளத்தை அங்கே நாம் உண்கின்றோம். பசேனதி கேட்டு விட்ட கவளத்தை அங்கே நாமும் விடக் கற்கின்றோம்.